ஓசை தராத பெல்ட்

2019 ஜனவரியில் ஒரு நாள், ஃபஜ்ருத் தொழுகை முடிந்து மதரஸா மாணவர்கள் ஓத அமர்ந்திருந்த வேளையில் உத்தமபாளையத்திலிருந்து தொலைபேசி வந்தது. எனக்கு அரபு இலக்கணம் கற்பித்த உஸ்தாத் வஃபாத்தாகிவிட்டார்கள். லுஹருக்குப் பின் நல்லடக்கம். அவ்வூர் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் நான் பி.ஏ. படித்த மூன்றாண்டுகளும், காலையிலும் மாலையிலும் அவர்களிடம்தான் ஓதினேன். விடுதிச் சோறு இறங்காத நாள்களில் அவர்கள் வீட்டுச் சோறுதான். அந்த வீட்டார்மீது என் அம்மாவுக்கும் பெரும் பிரியம். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் தாமும் வருவதாகச் சொன்னார்கள்.

பத்து மணிக்கு நிலக்கோட்டையிலிருந்து காரில் புறப்பட்டோம். வத்தலக்குண்டைக் கடந்து, கெங்குவார்பட்டியையும் தாண்டியிருப்போம். மெத்தென்று ஓர் ஒலி, அவ்வளவுதான். எஞ்சின் நின்றது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. ஒருவாறு புளியமர நிழலில் வண்டியை ஒதுக்கினேன். எத்தனை முறை சாவியைத் திருப்பியும் பயனில்லை.

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன்பே நிலக்கோட்டை மெக்கானிக் சொல்லியிருந்தார்: "டைமிங் பெல்ட்டை மாத்திடுங்க பாய். வண்டிக்கு ஒம்பது வருசம் ஆச்சு." ரமளான் முடியட்டும் என்றேன். பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் என்றேன். பிறகு மீலாது வந்தது. வாங்கியது பழைய வண்டி என்றாலும் ஓடியது ஐம்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர்தானே என்ற தைரியம் வேறு. ரப்பருக்கு ஓட்டம் மட்டுமல்ல, ஆண்டுகளும் கணக்கு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாலும் சூட்டிலும் காற்றிலும் அது இறுகி வெடிக்கும். எண்ணெய் கசிந்து பட்டால் இன்னும் விரைவில் கெடும்.

இந்த பெல்ட் செய்யும் வேலையைச் சற்று விளக்க வேண்டும். எஞ்சினின் அடியில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு ஒன்று. மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு மற்றொன்று. கீழ்த்தண்டு இரு சுற்றுச் சுற்றினால் மேல்தண்டு சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது பல் வைத்த இந்த ரப்பர் பட்டைதான். கீழ்த்தண்டு நிமிடத்திற்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு இருபத்தைந்து முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் வால்வுகள் அப்படியே நின்றுவிடும். பிஸ்டன்களோ மேலேறி வந்து அவற்றை மோதி வளைத்துவிடும். எல்லா எஞ்சின்களுக்கும் இந்தக் கதி இல்லை. என் டீசல் வண்டிக்கு உண்டு.

நம் அத்தாமார் காலத்து அம்பாஸடரில் இந்த வேலையை இரும்புச் சங்கிலி செய்தது. 2014இல் உற்பத்தி நின்றுவிட்ட அந்தக் காரை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: சங்கிலி தேய்ந்தால் கடகடவென்று முறையிடும். அந்த முறையீட்டைக் கேட்டுப் பட்டறைக்குப் போவதே அக்கால வழக்கம். என் அத்தாவும் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டுத்தான் முடிவு சொல்வார்கள். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் காரில் பல்பட்டையைக் கொண்டுவந்தது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. இலேசானது, சந்தடியற்றது. ஆனால் தேய்வதையும் பெரும்பாலும் சந்தடியின்றியே செய்துவிடுகிறது. காது கேட்டுப் பழகிய நமக்கு இங்கே நாள்காட்டியும் கிலோமீட்டர்க் கணக்கும்தான் துணை. எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு வரும் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். நான் அந்தக் கையேட்டைப் பிரித்ததேயில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை அதே மாதம்தான் சிறுவர்களுக்கு விளக்கியிருந்தேன்.

அம்மாவால் பேருந்துப் படி ஏற முடியாது. அவர்களைச் சாலையோரம் விட்டுவிட்டு நான் மட்டும் போகவும் முடியாது. வத்தலக்குண்டிலிருந்து வாடகைக் கார் வந்து சேரப் பன்னிரண்டரை ஆயிற்று. உத்தமபாளையத்தை அடைந்தபோது மக்கள் கபுருஸ்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜனாஸாத் தொழுகை முறைப்படி நிறைவேறிய பின் அதை மீண்டும் தொழுவதில்லை என்பது நம் ஹனஃபி மத்ஹபு. ஈர மண்ணருகே நின்று துஆ மட்டும் செய்தேன். உஸ்தாதின் மகன் என் கையைப் பற்றிக்கொண்டு, "அத்தா உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார். வண்டி நின்றதைப் பற்றி என்னால் ஒரு வார்த்தை சொல்ல இயலவில்லை.

பழுதுபார்க்க ஆன செலவு, பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் ஆகியிருப்பதைப் போல் ஆறு மடங்கு. பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும், அதே பெல்ட்டால் சுழலும் தண்ணீர் பம்ப்பையும் சேர்த்து மாற்றச் சொன்னார் மெக்கானிக். கழற்றிப் பூட்டும் கூலி ஒன்றுதானே! இம்முறை மறுபேச்சுப் பேசவில்லை. பிரேக் ஆயிலும் அன்றே மாறியது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்த பெடல் பஞ்சாய்ப் போய்விடும். அந்த மலைப்பாதையில் நம் குடும்பங்கள் கோடையில் எத்தனை முறை ஏறி இறங்குகின்றன!

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். அதன்படி 2024 ஜனவரியில் மீண்டும் பட்டறைக்குப் போனேன். கழற்றிய பெல்ட்டை வீட்டிற்கு எடுத்து வந்தபோது அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பல்கூடத் தேயவில்லை.

"நல்லாத்தானே இருக்கு, ஏம்ப்பா மாத்துனே?" என்று கேட்டார்கள். பிறகு அவர்களே பேசாமல் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.