அத்தையும் நானும் ராமோஜி நகரமும்

"ஏத்தா, அங்க வந்து நான் என்னத்தப் பாக்கப் போறேன்? நீங்க புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கிறேன்."

அத்தை இப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது. மாமா தவறிப் பதினாறு மாதம் ஆகியும் அத்தை விளாங்குடியைத் தாண்டவில்லை. உறவில் கல்யாணம் என்றால் "நான் எதுக்கு?" கோயில் என்றால் "முழங்கால் வலி." டி.வி.யில் பழைய படம் போட்டால்கூட "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விடுவார்கள். அடுப்பில் பால் இருக்காது. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இத்தனைக்கும் அத்தை ஒரு வகையில் சினிமாக்காரர் வீட்டு அம்மாள். மாமா மதுரையில் ஒரு டாக்கீஸில் முப்பத்தைந்து வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். இந்தக் காலத்து இளம் தாய்மார்களுக்கு அந்த வேலை என்னவென்று தெரிந்திருக்காது. அப்போது படம் பெட்டி பெட்டியாகச் சுருளில் வரும். ஒரு நிமிஷம் ஓட 90 அடி பிலிம் வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி! அடுத்தடுத்து இரண்டு புரொஜக்டர் இருக்கும். ஒன்றில் சுருள் முடியப் போகிறது என்றால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி மின்னி மறையும். அதைப் பார்த்து, கண் இமைக்கும் நேரத்தில் மற்றதை ஓட்ட வேண்டும். வெளிச்சத்துக்கு இரண்டு கார்பன் குச்சிகள் நுனிக்கு நுனி எரியும். அவை கரையக் கரைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அடுப்படியில் நாம் படுகிற சூடெல்லாம் அந்தச் சின்ன அறைக்குப் பக்கத்தில் நிற்காது. தீபாவளி, பொங்கல் என்றால் ஊருக்கெல்லாம் லீவு, ஆபரேட்டருக்கு மட்டும் கூடுதல் காட்சி.

ஆக, அத்தைக்குக் கல்யாணமாகி நாற்பத்தேழு வருஷத்தில் மாமாவோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்ததில்லை. இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவே பத்து வருஷம் ஆயிற்று. வேலையை விட்ட பிறகாவது போயிருக்கலாமே என்றேன். "அவுகளுக்கு சீட்டுல உக்காந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குதாம்" என்றார்கள்.

மாமாவுக்கு ஓர் ஆசை மட்டும் இருந்தது. "ஹைதராபாத் பக்கம் சினிமாவுக்குன்னே ஒரு ஊரைக் கட்டி வச்சிருக்காகளாம். ஒரு தடவை பாத்துட்டு வரணும்" என்பார். என் கொழுந்தனாருக்கு ஹைதராபாத்திலேயே வேலை கிடைத்தும் அது தள்ளித் தள்ளிப் போய், போகாமலே போய்விட்டது. கடைசியில் அந்த ஆயுதத்தைத்தான் எடுத்தேன். "மாமா பாக்காததை நீங்க பாத்துட்டு வந்து அவர் படத்துக்கிட்ட சொல்லுங்க அத்தை." அத்தை பதில் சொல்லவில்லை. சாயந்திரம் பார்த்தால், பெட்டியில் ரெண்டு கைத்தறிச் சேலை மடித்து வைத்திருந்தது.

2024 டிசம்பர் கடைசி வாரம், பையனுக்கு அரையாண்டு லீவு. மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ், சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ். இரண்டு ராத்திரிப் பயணம். முதல் ராத்திரிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, அடுத்ததற்குப் புளியோதரை. குழந்தைகளோடு ரயிலேறும் சகோதரிகள் தயிர்சாதத்தை மறந்துவிடுங்கள், புளித்துப்போய் வயிற்றைக் கெடுக்கும்.

ராமோஜி ஃபிலிம் சிட்டி ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா போகும் சாலையில், நகரத்துக்கு வெளியே சுமார் 30 கிலோமீட்டர். 'ஈநாடு' பத்திரிகையைத் தொடங்கிய ராமோஜி ராவ் 1996-ல் உண்டாக்கியது. 1,666 ஏக்கர். நம் மீனாட்சியம்மன் கோயில் சுமார் 14 ஏக்கர் என்றால், நூறு கோயிலை உள்ளே வைத்தும் இடம் மிஞ்சும்! உலகிலேயே பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. கதையோடு வருகிற தயாரிப்பாளர் முடித்த படத்தோடு திரும்பலாம் என்பதுதான் அவர் திட்டமாம். நாங்கள் போவதற்கு ஆறு மாதம் முன்னால், 2024 ஜூன் 8-ம் தேதி அவர் காலமானார். இறுதிச் சடங்கும் அந்த வளாகத்திலேயேதான் நடந்தது. இதைக் கேட்டதும் அத்தை, "கட்டுனவரும் போயிட்டாரா" என்று ஒரு நிமிஷம் நின்றார்கள்.

கட்டணம் கொஞ்சம் கனம்தான், சீசனுக்குச் சீசன் மாறுகிறது. வாசலில் இறங்கி, உள்ளே அவர்கள் பஸ்ஸிலேயே போக வேண்டும். கோட்டை வாசல் போல் ஒரு முகப்பைத் தாண்டினால் கடைகள், ஆட்டபாட்டம், குழந்தைகள் விளையாட 'ஃபண்டுஸ்தான்'. பையன் அங்கேயே குடியிருக்கத் தயார். எங்களுக்குப் பக்கத்தில் பரவையில் 'அதிசயம்' பூங்கா இருக்கிறது, அங்கே பார்த்த தண்ணீர் விளையாட்டெல்லாம் இவனுக்கு இப்போது அற்பமாகிவிட்டது!

சிவப்பு நிற பஸ்ஸில் வழிகாட்டியோடு சுற்றி வந்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரே தெருவில் வெளிநாட்டு வீடுகள், அடுத்த திருப்பத்தில் வடநாட்டுக் கடைவீதி. ஒரு கட்டடம் முன்பக்கம் பார்த்தால் ஒன்று, சுற்றிப் போய்ப் பார்த்தால் வேறொன்று. விமான நிலையம், ஆஸ்பத்திரி, ஜெயில் எல்லாம் உண்டு. ரயில்வே ஸ்டேஷனில் பெயர்ப் பலகையை மாற்றினால் எந்த ஊராகவும் ஆகிவிடும். "அம்மா, கூடல்நகர்னு போடச் சொல்லும்மா" என்றான் பையன். எங்கள் விளாங்குடிக்குப் பக்கத்து ஸ்டேஷன் அதுதான்.

பாகவதம் செட்டில் இறங்கினோம். தூணும் மண்டபமும் சிம்மாசனமுமாகக் கண்ணைப் பறித்தது. அத்தை நேராக ஒரு தூணிடம் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். மதுரைக்காரர்களுக்குத் தூணைக் கண்டால் தட்டாமல் இருக்க முடியுமா? நம் கோயில் இசைத்தூண் கணீரென்று பாடும். இது 'தொப்' என்றது.

பையன் முகம் தொங்கிவிட்டது. "எல்லாம் பொய்யா அப்பத்தா?" பாகுபலி செட்டைப் பார்த்தபோது அவன் அழாத குறை. 2015-லும் 2017-லும் வந்த அந்த இரண்டு படங்களையும் எத்தனை தடவை பார்த்திருக்கிறானோ! மகிழ்மதி ராஜ்ஜியம் கல்லால் கட்டியது இல்லை என்றதும் அவனுக்குத் தாங்கவில்லை. நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அத்தை குறுக்கிட்டு, "பொய்யின்னு ஆருடா சொன்னது? இதைப் பூசுனவன் கை பொய்யா? வெயில்ல நின்னு சாரம் கட்டுனவன் பொய்யா?" என்றார்கள். பதினாறு மாதத்தில் அத்தை இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இனி என் புத்தி கெட்டதைச் சொல்ல வேண்டும்.

அத்தைக்குச் சர்க்கரை. காலை ஆறரைக்கே இட்லி, மாத்திரை எல்லாம் முடிந்துவிட்டது. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து கௌபாய் சண்டைக் காட்சி என்றார்கள். மாடியிலிருந்து ஆள் விழுவான், வெடி வெடிக்கும் என்று பையன் குதித்தான். "இது முடியட்டும் அத்தை, சாப்பிட்டுக்கலாம்" என்று நானே சொன்னேன். முடிந்து வந்தால் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். மணி ஒன்றே முக்கால். என் கணவர் வரிசையில் நிற்க, அத்தையைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் பையனுக்குக் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

அத்தை முகமெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. டிசம்பர் மாதத்தில், நிழலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஏன் இப்படி வியர்க்க வேண்டும்? கையைப் பிடித்தால் சில்லென்று நடுங்குகிறது. "ஒண்ணுமில்லத்தா" என்கிறார்கள், நாக்குக் குழறுகிறது. எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, பையனுக்காக வாங்கிய குளுக்கோஸ் பாக்கெட் கைப்பையில் இருந்தது. மூன்று டீஸ்பூன் அளவு நிறையத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். அந்தப் பதினைந்து நிமிஷம் போல் நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. மெல்ல வியர்வை அடங்கியது, கண் தெளிந்தது. உடனே சாதம் வாங்கிவந்து சாப்பிட வைத்தோம்.

வீட்டில் சர்க்கரைக்காரர்கள் உள்ள சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால், அதிலும் நடை கூடினால், சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்தபின் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். மிட்டாயோ குளுக்கோஸோ இல்லாமல் இவர்களை வெளியூர் கூட்டிப் போகாதீர்கள்.

"ஏன் அத்தை முன்னாடியே சொல்லலை?" என்றேன். "புள்ள ஆசையாப் பாத்துக்கிட்டு இருந்தான்" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். என் கணவர், "போதும், ரூமுக்குப் போவோம்" என்றார். அத்தைதான் கேட்கவில்லை. "இம்புட்டுத் தூரம் வந்துட்டு, படம் எடுக்கிறதைப் பாக்காமப் போனா உங்கப்பா என்னைய வைய மாட்டாகளா?"

இன்னும் அரைமணி நேரம் உட்கார வைத்துவிட்டு, படம் எடுப்பது எப்படி என்று காட்டும் அரங்குக்குப் போனோம். பார்க்க வந்தவர்களில் சிலரை மேடைக்குக் கூப்பிட்டு, 1975-ல் வந்த 'ஷோலே' படத்தின் குதிரை வண்டித் துரத்தலை எடுத்துக் காட்டுகிறார்கள். ஹேமமாலினி ஓட்டிய அந்த வண்டி நிஜத்தில் பெங்களூர் பக்கம் ராமநகரம் பாறைகளுக்கு நடுவே ஓடியது. இங்கே வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, குதிரையே இல்லை! யாரோ ஒரு புதுப்பெண் சாட்டையை வீசினாள். வண்டியை ஆட்டினார்கள், முகத்தில் காற்று அடித்தார்கள். அடுத்த கூடத்தில் சத்தம் சேர்ப்பு. ஆளுக்கொரு சாமானைக் கையில் கொடுத்து ஆட்டச் சொல்கிறார்கள். அத்தை என் காதில், "ரெண்டு தேங்காச் சிரட்டையைத் தட்டுனாக் குதிரை ஓடும். உங்க மாமா சொல்லுவாக" என்றார்கள்.

கடைசியாக எல்லாவற்றையும் ஒட்டித் திரையில் போட்டார்கள். நின்ற வண்டி பறக்கிறது, பின்னால் பாறைகள் ஓடுகின்றன, கொள்ளைக்காரர்கள் துரத்துகிறார்கள். ஒரே கைதட்டல். அத்தைக்குப் பிடித்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

அத்தை திரையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து, "என்ன அத்தை பார்த்தீங்க?" என்றேன். கொஞ்ச தூரம் நடந்தபிறகுதான் சொன்னார்கள். "பழக்கமாப் போச்சுத்தா. அவுக டாக்கீஸுக்குப் புள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போவேன்ல, பொம்பளைக பக்கம் உக்காந்துக்கிட்டு, நடுநடுவுல திரும்பி அந்தச் சதுர ஓட்டையைப் பாப்பேன். வெளிச்சம் வருதுன்னா அவுக அங்கன இருக்காகன்னு அர்த்தம். வீட்டுக்கு வந்தப்பறம், நாலாவது ரீல்ல திரும்பிப் பாத்தியேம்பாக. அவுக அந்த ஓட்டை வழியா என்னையப் பாத்திருக்காக."

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. என் கணவர் பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

இருட்டியதும் விளக்கெல்லாம் போட்டு நீரூற்றும் கட்டடங்களும் ஜொலித்தன. அதைச் சொல்ல இடமில்லை. அத்தைக்கு ஒரு வளையல், பையனுக்கு மரவாள் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஒரே நாளில் முழுவதும் பார்க்க முடியாது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பாதியை விட்டுவிடத் தயாராகவே போங்கள். நடைக்குத் தகுந்த செருப்பு வேண்டும், குழந்தை சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் தேங்காய்ச் சட்னிக்குத் துருவிப் போட்ட சிரட்டைகளைக் குப்பையில் போடப் போனேன். "இங்கிட்டுக் குடு" என்று வாங்கிக்கொண்டார்கள் அத்தை. மாமா படத்துக்குக் கீழே உட்கார்ந்து, டக்டக் டக்டக் என்று தட்டத் தொடங்கினார்கள். பையன் மரவாளைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அடுப்பில் நிஜமாகவே பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து வரவில்லை.