பாட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்



உங்கள் தோட்டத்திலும் ஒரு பாட்டுக்காரர் இருந்திருப்பார். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் முன் நின்று சினிமாப் பாட்டுப் பாடியவர். தீபாவளி நாடகத்தில் கதாநாயகனாக வந்தவர். மறுநாள் வெள்ளென எழுந்து பெரட்டுக்கும் போய் நின்றவர். அவர் இன்று எங்கே இருக்கிறார்? உங்களுக்குத் தெரியுமா?

நம் நாட்டு மேடைகளிலிருந்து புறப்பட்டுப் போனவர்தான் மலேசியா வாசுதேவன். 1944-ஆம் ஆண்டு இங்கே ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். இங்குள்ள தமிழ் நாடக மேடைகளில் நடித்துப் பழகி, பிறகு சென்னைக்குப் போனார். போனவுடனே வாய்ப்புக் கிடைத்துவிடவில்லை. இளையராஜா சகோதரர்களின் பாவலர் பிரதர்ஸ் குழுவில் மேடைக் கச்சேரி பாடினார். 1977-இல் '16 வயதினிலே' வந்த பிறகுதான் அவர் குரல் ஊரெங்கும் ஒலித்தது. அப்போது அவருக்கு வயது 33. பின்னர் 'முதல் மரியாதை'யில் சிவாஜி கணேசனுக்காகப் பாடினார். 'ஒரு கைதியின் டைரி'யில் வில்லனாக நடித்தார். 2011 பிப்ரவரி 20-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

போனவரை நாம் அறிவோம். போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர்களை?

அப்படி ஒருவரைச் சிகாமட்டில் சந்தித்துப் பேசினேன். வயது 78. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு, டவுனுக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்.

"ஐயா, பாட்டு யாரிடம் படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மரத்துக்கிட்டத்தான் தம்பி" என்று சிரித்தார். "பக்கத்து நிரைக்காரன் தூரத்துல இருப்பான். கூச்சம் கிடையாது. காண்டாவைத் தோள்ல வச்சுக்கிட்டு மேடு ஏறும்போது பாடிப் பாருங்க. மூச்சு எங்க எடுக்கணும்னு தானா தெரிஞ்சுடும்."

நாடக ஒத்திகை இரவில்தான் நடக்குமாம். வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, எட்டு மணிக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் கூடுவார்கள். அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு பெண் வேடமும் போட்டிருக்கிறார். ஆர்மோனியம் வாங்க வீட்டுக்கு ஒரு வெள்ளி வசூல் செய்தார்களாம். பாடியதற்குக் கிடைத்தது ஒரு மாலையும் ஒரு துண்டும்.

வாசுதேவனைப் பற்றிப் பேச்சு வந்தது. "நமக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியதில்லையா, ஐயா?"

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "தோணுச்சு தம்பி, பொய் சொல்லக்கூடாது. ஆனா வீட்டுல அஞ்சு வயிறு. அப்புறம் ரேடியோவுல அவரு பேரைச் சொல்லும்போது, முன்னால 'மலேசியா'ன்னு வருமில்ல? அதைக் கேட்டாப் போதும்னு ஆயிடுச்சு."

அவர் நாடக வசனம் எழுதி வைத்திருந்த மூன்று நோட்டுப் புத்தகங்களும் லயத்து வீட்டைக் காலி செய்தபோது தொலைந்துவிட்டன. குரலைப் பதிந்த நாடா ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மருமகள், "மாமா பாடுவாங்களா? எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். அவர் அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது!

பினாங்கில் பிறந்த பி. ராம்லியை எண்ணிப் பாருங்கள். பாடகர், நடிகர், இயக்குநர் என்று எல்லாமாக இருந்தவர். கடைசிக் காலத்தில் ஆதரவு குறைந்து, 1973-இல் 44 வயதில் மறைந்தார். டான் ஸ்ரீ பட்டம் வந்தது 1990-இல். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அத்தனை பெரிய கலைஞருக்கே அந்த நிலை என்றால், தோட்டத்துப் பாட்டுக்காரரை யார் நினைப்பார்கள்? நாம்தான் நினைக்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே, உங்கள் ஊர்ப் பெரியவரிடம் போய் உட்காருங்கள். போனவுடன் "பாடுங்கள்" என்று சொல்லாதீர்கள். வயதான குரலுக்குச் சங்கடமாக இருக்கும். அவர் பசியாறிய பிறகு, வேலையைப் பற்றிக் கேளுங்கள். கூட நடித்தவர்கள் யார், மேளம் அடித்தவர் யார், எந்தத் திருவிழா என்று கேளுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வையுங்கள். கேட்கக் கேட்க அவரே பாட ஆரம்பித்துவிடுவார். கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மாலையும் துண்டும் பிறகு போடலாம். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.