கிருமி போன பிறகு

கை கழுவுகிற பிள்ளையை எந்த வீட்டில் வைவார்கள்? துஷ்டி வீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகு, வெளியே போய்வந்தால் கால் கழுவு, எச்சில் கையால் குழம்புச் சட்டியைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிற ஊர் எங்கள் தென்காசிப் பக்கம். அதனால் என் அக்கா மகள் பத்து வயதில், ஒரே வாரத்துக்குள், குழாயடியே கதி என்று ஆனபோது அது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. “எம் பேத்தி மாதிரி சுத்தபத்தம் யாருக்கு வரும்?” என்று ஆச்சி தெருவெல்லாம் பெருமையடித்தாள். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் அந்தந்த ஊரின் நல்ல பழக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். எங்கள் ஊரில் அதற்கு ஒளிய இடம் ஏராளம்.

விரல் இடுக்கில் தோல் வெடித்து, சோற்றில் கை வைத்தால் எரிகிறது என்று அவள் அழுதபோதுதான் அக்கா கவனித்தாள். அதற்குள் பள்ளிக்கூடப் பை வீட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது, திண்ணையிலேயே கிடக்கும். ராத்திரி படுக்கும் முன் ஒரு கேள்வி வரும்: “கதவுக் கைப்பிடியத் தொட்டேன். ஒண்ணும் ஆவாதுல்லா?” “ஆவாதுட்டி, படு” என்றால் போதாது. “ஒண்ணும் ஆவாது” என்று முழுதாக, அதே குரலில் சொல்ல வேண்டும். இடையில் யாராவது இருமிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு கையும் அவள் சொல் கேட்காமல் போனது. பேனா நழுவியது, தம்ளர் தெறித்தது, முத்துமுத்தாக எழுதுகிறவளின் நோட்டில் ஒரு வரி நேராக நிற்கவில்லை. முகம் தானாகக் கோணியது. தன்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்த ஆசிரியை அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். பயந்த கோளாறு என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்த பிடிவாதம் என்றும் சொன்னார்கள். திருநீறு போட்டோம், தாயத்து கட்டினோம்.

திருநெல்வேலியில் ஒரு வயதான குழந்தை மருத்துவர்தான் கதையின் போக்கை மாற்றினார். தன் இரண்டு விரலை நீட்டி, “இறுக்கிப் பிடி” என்றார். பிள்ளையின் பிடி இறுகித் தளர்ந்து இறுகித் தளர்ந்து, பசுவின் மடியில் பால் கறப்பதுபோல இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கு நிற்காமல் உள்ளே ஓடியது. அப்புறம் அவர் கேட்ட கேள்விக்கும் கை கழுவுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்குப் புரியவில்லை: “ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னால தொண்டை வலிச்சுக் காய்ச்சல் வந்துச்சா?”

வந்திருந்தது. கசாயத்தில் போய்விட்ட காய்ச்சல்.

தொண்டையைப் பிடிக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி சில பிள்ளைகளிடம் விட்டுப்போகிற வினை இது. கிருமியைக் கொல்ல உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருள், ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குகிறது. மூட்டில் தாக்கினால் வீக்கம், இதயத்தில் தாக்கினால் வால்வு பழுது. இதைத்தான் ருமாட்டிக் காய்ச்சல் என்கிறார்கள். மூளையின் அடியாழத்தில், அசைவையும் பழக்கத்தையும் ஆள்கிற முடிச்சுகளைத் தாக்கினால் கைகால் தானாகத் துள்ளும். தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் 1686இல் எழுதிவைத்த நோய் அது. இன்றும் அவர் பெயரில் சிடன்ஹாம் கொரியா. ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும், பெண் பிள்ளைகளுக்கு அதிகம். துள்ளல் தொடங்குவதற்குச் சில நாள், சில வாரம் முன்பே விடாத எண்ணங்கள் தலைகாட்டுவதும் உண்டு. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். எக்கோ எடுத்ததில் வால்வில் லேசான கசிவும் தெரிந்தது.

அன்று அக்கா அழுத அழுகையில் பாதி நிம்மதி. தன் வளர்ப்பு கெட்டது அல்ல, பிள்ளை கெட்டது அல்ல, யார் கண்ணும் படவில்லை. காரணம் உடம்பில் இருக்கிறது என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, ஊராரின் பேச்சைக் கேட்டு நொந்தவர்களுக்குத்தான் சொல்லாமலே விளங்கும்.

ஆனால் அதிலேயே ஒரு பொறியும் இருந்தது. கிருமிக்குப் பயந்து கை கழுவுகிற பிள்ளையிடம், “உன் நோய்க்குக் கிருமிதான் காரணம்” என்று எப்படிச் சொல்வது? அவள் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த பயத்துக்கு மருத்துவரே முத்திரை குத்திக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. “நான் சொன்னேன்லா?” என்று அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அக்காவையும் அது விடவில்லை. தினமும் காலையில் டார்ச் அடித்துப் பிள்ளையின் தொண்டையைப் பார்க்க ஆரம்பித்தாள். தொண்டை கரகரத்தால் வீட்டுக்கே வியர்த்தது. ஒருத்திக்கு இருந்த நோய் இரண்டு பேருக்கு ஆனது என்பேன் நான். அக்கா இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இதை அவிழ்த்தது மருத்துவரின் ஒரே விளக்கம். “கிருமி எப்பவோ போயிட்டும்மா. இப்ப இருக்கது உன் மூளை தப்பா அடிக்கிற மணி. கைய கழுவுனா மணி நிக்காது.” அக்காவுக்குத் தனி உத்தரவு: காய்ச்சலோடு தொண்டை வலித்தால் அன்றே கூட்டி வர வேண்டும், மற்ற நாளில் டார்ச் அலமாரியில் இருக்க வேண்டும்.

வைத்தியம் இரண்டு வழியில் நடந்தது. ஒன்று பென்சிலின் ஊசி. பென்சாத்தின் பென்சிலின், 21 நாளுக்கு ஒரு முறை, இடுப்பில். கெட்டியான மருந்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வலி உயிர் போகும். அடுத்தடுத்துத் தொண்டைத் தொற்று வந்து வால்வு மேலும் கெடாமல் இருக்கத்தான் இது. பல பத்தாண்டுகள் ஆகியும் அந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்கித்தான் போகிறது என்பது நம் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். பைக் என்னிடம் இருந்ததால் ஊசிக்குக் கூட்டிப்போவது தாய்மாமன் சீராக எனக்கு வந்து சேர்ந்தது. கைகால் துள்ளலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் அது அடங்கிவிட்டது. எண்ணம் அடங்கவில்லை.

அதற்குத்தான் இரண்டாவது வழி. மனநல மருத்துவர் குறைந்த அளவில் ஃப்ளூவாக்ஸெட்டின் எழுதினார். அவரிடம் இருந்த உளவியல் ஆலோசகர் அம்மா, நூறு மார்க்குக்குப் பயங்களை ஒரு நோட்டில் பட்டியல் போடச் சொன்னார். பஸ் கம்பிக்கு 30, பக்கத்து வீட்டுப் பூனைக்கு 45, பள்ளிக்கூடக் கழிப்பறைக் குழாய்க்கு 95. குறைந்த மார்க்கிலிருந்து தொடங்கித் தொட வேண்டும். தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், கழுவாமலே இறங்கும். இறங்குகிறது என்பதை உடம்பு கற்றுக்கொள்வதுதான் வைத்தியம். சொல்ல எளிது. சில நாள் அரை மணியில் இறங்கும். சில நாள் சாயங்காலம் முழுக்க அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பிள்ளையைவிட வீட்டுக்குத்தான் கடினமான பாடம். “ஒண்ணும் ஆவாதுல்லா?” என்ற கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்லக் கூடாது. பதில் சொன்னால் ஐந்து நிமிடம் ஆறும், ஆறிய வேகத்தில் அடுத்த கேள்வி பிறக்கும். “அதுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வா, தாயம் ஆடலாம்” என்பதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வசனம். மச்சான் பழகிவிட்டார், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். ஆச்சி மட்டும் விளக்கணைத்த பிறகு பேத்தியின் காதில், “ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது” என்று ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்ததும் ஆலோசகர் அம்மா ஆச்சியையே வரச்சொன்னார். “பிள்ள அழுதா பாத்துட்டு இருக்கச் சொல்லுதியளா?” என்று ஆச்சி பாய்ந்தாள். “பக்கத்துல இருங்க, முதுகைத் தடவுங்க. அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் குடுக்காதீங்க” என்றார் அவர். அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை என்று புரிந்ததும் ஆச்சி எல்லோரையும்விடக் கறாரானாள்.

2020இல் கொரோனா வந்து, 20 விநாடி கை கழுவுங்கள் என்று உலகத்துக்கே சொன்னபோது நாங்கள் நடுங்கினோம். அவள் சிரித்தாள். “இப்ப எல்லாரும் எங்கூட வந்துட்டாங்க மாமா. ஆனா 20லயே நிறுத்தணுமாமே, பாவம்.” அந்தச் சிரிப்புக்குப் பிறகும் இரண்டு முறை நோய் தலைதூக்கியது. ஒவ்வொரு முறையும் பழைய நோட்டை எடுத்து, பயத்துக்கு மார்க் போட்டு, கீழ்ப்படியிலிருந்து தொடங்கினாள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓசிடி உள்ள எல்லோருக்கும் காரணம் கிருமி அல்ல. பெரும்பாலோருக்கு அப்படி இல்லை. அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோ 1998இல், கொரியா இல்லாமலே தொண்டைத் தொற்றுக்குப் பின் திடீரென்று இந்த எண்ணங்களோ, டிக் எனப்படும் தன்னிச்சைத் துடிப்புகளோ பிடித்துக்கொண்ட 50 பிள்ளைகளைப் பற்றி எழுதி, பாண்டாஸ் என்று பெயர் வைத்தார். அது தனி நோய்தானா, எத்தனை பேருக்கு வருகிறது, ஆன்டிபயாட்டிக் எந்த அளவுக்கு உதவும் என்று மருத்துவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் முடியும் முன்பே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது மடமை. எங்கள் பிள்ளைக்குக் கிருமிக் காரணம் தெளிவாகத் தெரிந்தபோதும், ஊசி காத்தது வால்வைத்தான். கையைக் குழாயிலிருந்து விடுவித்தது அந்த நோட்டும், வீட்டார் விழுங்கிய பதில்களும்.

இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள், ஆறு பேருக்கு ஒரு குளியலறை. ஊசி 25 வயது வரை உண்டு. ஊசியின் வலிக்குப் பயந்து பாதியில் விட்டுவிடுகிற பெற்றோரை ஒவ்வொரு முறையும் மருத்துவமனை வரிசையில் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து விடாதீர்கள். நன்றாக இருந்த பிள்ளை சில நாளுக்குள் கழுவுவதும் கேட்பதும் எண்ணுவதுமாக மாறினால், அண்மையில் தொண்டை வலி வந்ததா என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.