எத்தனாம் நம்பர் முள்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பக்கத்தில் ஒரு டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஆண்டு ஆகஸ்ட் மாதம், ராத்திரி பத்து மணி இருக்கும். அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். காலாடிப்பேட்டைப் பையன். பெயர் போட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். நலம் விசாரித்து முடித்ததும், "சார், ஒரு சந்தேகம். அக்டோபர்ல எல்க் வேட்டைக்குப் போறேன். எந்த காலிபர் துப்பாக்கி வாங்கலாம்?" என்றான்.

ஆண்டுக்கணக்கில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒளிவிலகல், ஓம் விதி என்று எத்தனையோ சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். இது புதிது. "ஏன்டா, என்கிட்ட போய் கேக்கிற?" என்றேன். "இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார். நீங்கன்னா கணக்கு போட்டுச் சொல்வீங்க" என்றான்.

எல்க் என்பது பெரிய மான். நம் முதுமலைக் கடமானைவிடவும் பெரிது. வளர்ந்த கிடா 300 கிலோவைத் தாண்டும். காஷ்மீரத்து ஹங்குல் மான் அதற்கு நெருங்கிய உறவு. நம் நாட்டில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இங்கே மானைச் சுட்டால் ஜெயில்தான். அங்கே ஆண்டுதோறும் அளவு வைத்து அரசாங்கமே உரிமம் கொடுக்கிறது. அதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி படித்துத் தேற வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை போட வேண்டும். சுட்ட பிறகு இறைச்சியை வீணாக்கினால் அதுவும் குற்றம்.

துப்பாக்கிக்கும் நம் ஊருக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். 1955இல் நம் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனியின் பெயரே இங்கிலாந்தில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலையின் ஊர்ப்பெயர்தான். அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் வந்த பெயர். வண்டிக்குப் 'புல்லட்' என்று பெயர் வைத்ததும், சின்னத்தில் பீரங்கி இருந்ததும் சும்மா இல்லை.

சரி, காலிபருக்கு வருவோம். அது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். .30 என்றால் அங்குலத்தில் 0.30, அதாவது 7.62 மில்லிமீட்டர். '30-06' என்ற தோட்டாவில் 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டு. குண்டின் எடையை 'கிரெய்ன்' கணக்கில் சொல்வார்கள். நம் ஆசாரிகள் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி, அவர்களுக்கு ஒரு பார்லி மணி. 180 கிரெய்ன் குண்டு 11.7 கிராம், ஒன்றரை சவரனுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது ½mv² போடுங்கள். அந்த ஒன்றரை சவரன் விநாடிக்கு 823 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் ஏறத்தாழ 3,950 ஜூல். அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் வாங்கச் சொன்ன .300 வின்செஸ்டர் மேக்னத்தில் அதே குண்டு 900 மீட்டர் வேகத்தில் போகும். ஆற்றல் 4,700 ஜூல். எல்க்குக்கு கொலராடோ சட்டம் கேட்பதோ 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு, அதாவது 1,356 ஜூல்தான். ஆக .270, .308, 30-06, மேக்னம் எல்லாமே பாஸ்.

அப்புறம் என்ன பிரச்சினை? நியூட்டனின் மூன்றாம் விதி. மேக்னத்தில் மருந்தும் அதிகம், வேகமும் அதிகம். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் தோளுக்கு வரும் உதையின் ஆற்றல் 30-06ஐவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். பையன் ஒல்லி. நண்பரின் மேக்னத்தை வாங்கி ஒரு நாள் மைதானத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறான். தோள் கன்றிப்போயிருக்கிறது. "நாலாவது குண்டுக்கு அப்புறம் விசையை இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிக்குது சார்" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் நைனா ஞாபகம் வந்தது. பலருக்குத் தெரியும், நான் குப்பத்துப் பிள்ளை. பத்து பதினோரு வயதில் லீவு நாளில் கட்டுமரத்தில் கூடப் போவேன். தூண்டில் முள்ளுக்கு நம்பர் உண்டு. நம்பர் குறையக் குறைய முள் பெரிதாகும். ஒரு நாள் வஞ்சிரத்துக்குப் போட வேண்டிய பெரிய முள்ளையும் தடித்த நரம்பையும் விட்டுவிட்டு, கைக்கு லேசாக இருக்கிறதென்று சின்ன முள்ளை மெல்லிய நரம்பில் கட்டிப் போட்டேன். வஞ்சிரமே வந்து கவ்வியது. ஒரே இழுப்பு, நரம்பு அறுந்துவிட்டது.

அடி விழும் என்று ஒடுங்கி உட்கார்ந்தேன். நைனா அடிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மீன் போனா போவுதுடா. வாயில முள்ளோட எத்தினி நாள் தவிக்குமோ அது." கரைக்கு வரும்வரை வேறு பேசவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அவனிடம் இதைத்தான் சொன்னேன். "நான் என் கைக்கு மட்டும் பார்த்தேன், மீனைப் பார்க்கலை. உன் ஃப்ரெண்ட்ஸ் மிருகத்தை மட்டும் பார்க்கிறாங்க, உன் தோளைப் பார்க்கலை. ரெண்டுலயும் அடிபட்டுத் தப்பிச்சுப் போறது அந்த ஜீவன்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சுட்ட 4,700 ஜூல் வயித்துல பட்டா என்ன பிரயோஜனம்?" ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர் யானைகளையே பெரும்பாலும் சிறிய .275 துப்பாக்கியால் சுட்டவர். குறி அவ்வளவு சுத்தம்.

.308 வாங்கச் சொன்னேன். அதன் உதை 30-06ஐவிடக் கொஞ்சம் குறைவு. தூரத்துக்கும் கணக்கு போட்டுக் கொடுத்தேன். 200 கஜம் போக ஏறத்தாழ கால் விநாடி. அதற்குள் குண்டு 30 செ.மீ. கீழே இறங்கும். தூரம் இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்குக்கும் மேல். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சின்ன முறத்தின் அகலம்தான். ஆகவே 200 கஜம் உன் எல்லை, காகிதத் தட்டை வைத்துப் பழகு, பத்துக்குப் பத்தும் தட்டில் விழாவிட்டால் காட்டுக்கே போகாதே என்றேன்.

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. கொல்வதற்கு வழி சொல்லிக்கொடுத்துவிட்டேனோ என்று உறுத்தியது. ஆனால் மீன் பிடித்த காசில் படித்தவன், இன்றைக்கும் வஞ்சிரம் என்றால் இன்னொரு கவளம் சாப்பிடுகிறவன், எந்த வாயால் அவனை வேண்டாம் என்பேன்?

அக்டோபர் கடைசியில் மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் நாள் பெரிய கிடா ஒன்று நின்றதாம், 350 கஜத்துக்கு அப்பால். சுடவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பெண் எல்க், 140 கஜம். ஒரே குண்டு. சில அடி நடந்து விழுந்துவிட்டதாம். பிறகு கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. "சந்தோஷமா இல்ல சார். ஆனா தப்பா பண்ணலைன்னு தோணுது" என்றான்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். கருவாடு காய வைத்த குடும்பத்துப் பெண். காலிபர், ஜூல் எதையும் காதில் வாங்கவில்லை. "கறிய இன்னா பண்ணான்?" என்று மட்டும் கேட்டாள். நான்கு வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, மீதியை ஃப்ரீசரில் வைத்திருக்கிறானாம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு இன்னும் முழுசாகச் 'சரி' என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள் பிள்ளைகளே. கணக்கில் தப்பு இருந்தாலும் சொல்லுங்கள். இந்த முறை மார்க் போடுவது நீங்கள்.