மெயின் கேம் இல்லாமலே ஓடுற டிஸ்க்

கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி வீடியோ கேம், பாதி கேஷுவாலிட்டி. கேம் ஆடாதவங்களும் படிக்கலாம், போற வழியில விளக்கிடறேன்.

2010. ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். எங்க வீடு திருப்பாலைவனம். பொன்னேரியில பெரியப்பா பையன் கல்யாண வீடியோ மிக்ஸிங் கடை வெச்சிருந்தார். எனக்குத் தெரிஞ்சு கிராபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டம் அது ஒண்ணுதான். ராத்திரி வேலை இல்லாதப்போ எனக்கு விட்டுடுவார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு டிவிடி கடையில ஜிடிஏ 4 கேட்டேன். இல்ல. ‘எபிசோட்ஸ் ஃப்ரம் லிபர்ட்டி சிட்டி’ன்னு வேற ஒண்ணை நீட்டினார். “மெயின் கேம் வேணாமாண்ணே?” “வேணாம் தம்பி, இது தனியாவே ஓடும்.” (ஆமா, திருட்டு டிவிடிதான். பின்னாடி சம்பாதிச்சதும் காசு குடுத்து வாங்கிட்டேன்.)

பொதுவா எக்ஸ்பான்ஷன்னா மூல கேம் இருந்தாதான் ஓடும். 1999ல வந்த ஜிடிஏ லண்டன் 1969க்குப் பழைய ஜிடிஏ டிஸ்க்கையும் போட்டுக் காட்டணும். எபிசோட்ஸ் அப்படி இல்ல. அதே லிபர்ட்டி சிட்டி, ஆனா புது ஆட்களோட ரெண்டு கதை, தனி டிஸ்க். முதல்ல 2009ல எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும். அதுக்காக மைக்ரோசாஃப்ட் 5 கோடி டாலர் குடுத்துச்சு. 2010 ஏப்ரல்லதான் கம்ப்யூட்டருக்கு வந்தது.

முதல் கதை ‘தி லாஸ்ட் அண்ட் டாம்ன்ட்’. ஜானின்னு ஒரு பைக் கும்பல்காரன். அதுல ஒரு மிஷன்: வைரத்தோட ஓடுற ஒருத்தனைத் துரத்திக் கொல்லணும். கொன்னேன். அவன் பேரைக்கூட கவனிக்கல. மிஷன் பாஸ்.

அடுத்தது ‘தி பேலட் ஆஃப் கே டோனி’. இதுல நாம லூயிஸ், நைட் கிளப் முதலாளி டோனியோட ஆள். டோனி காதலிக்கிறவன் பேரு ஈவான். நடுவுல ஒரு வைர பேரம். பைக் கும்பல் பாயுது, ஈவான் சாகறான். டோனி உடைஞ்சு போறார். எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம்தான் உறைச்சுது. போன வாரம் அவனைச் சுட்டது நான்தானே.

மெயின் கதாநாயகன் நிக்கோ எனக்குக் கடைசிவரைக்கும் எங்கேயோ குறுக்கே வந்துபோற ஒரு ஆள்தான். நண்பர்கள் அவனைக் கொண்டாடுவாங்க, எனக்கு ஒட்டவே ஒட்டாது. முதல்ல எந்தக் கதையில நுழையறோமோ அந்தக் கட்சியா ஆயிடறோம்.

இதெல்லாம் தெரிஞ்சும் நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க.

ஹவுஸ் சர்ஜன் நாட்கள். ராத்திரி கேஷுவாலிட்டி. பழவேற்காடு ஏரியில தகராறுன்னு நாலஞ்சு பேர் வந்தாங்க. ஏரியில எந்த நாள், எந்த இடத்துல, யார் வலை விடறதுன்னு சீட்டுப் போட்டு முறை வெச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு பாடு. பாடு உள்ளவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் நடக்கிற சண்டை எங்க பக்கம் புதுசில்ல.

முதல்ல உள்ளே வந்தவர் அம்மா ஊர்க்காரர், எனக்கு மாமா முறை. மண்டையில வெட்டு, ரத்தம் வழியுது. “மாமா, உக்காருங்க”ன்னு நானே தையல் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல ஏ.ஆர். எழுதினேன். பாடு இல்லாதவங்க வலை விட்டாங்களாம், கேட்டதுக்கு அடிச்சாங்களாம். எனக்குக் கதை முழுசாத் தெரிஞ்சுபோச்சு.

மூலை பெஞ்சில ஒரு பையன், இருபது வயசு இருக்கும், எதிர்க் கட்சி. ரத்தம் இல்ல, காயம் தெரியல. “உனக்கென்னடா?” “விழுந்துட்டேன் சார். தோள் வலிக்குது.” எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு இடது தோளைத் தொட்டுக் காட்டினான். ‘படகில் வழுக்கி விழுந்ததாக’ன்னு எழுதிட்டு, “ராத்திரியில ஏரியில என்னடா வேலை உங்களுக்கு?”ன்னு ஒரு திட்டும் குடுத்து, ஊசி போட அனுப்பினேன்.

முக்கால் மணி நேரம் கழிச்சு வந்த மேடம் அவனைப் பார்த்தவுடனே என்கிட்ட கேட்டது ஒண்ணுதான். “பல்ஸ் பாத்தியா?”

பாக்கல. 128.

இடது விலாவுக்குக் கீழ அடிபட்டு மண்ணீரல் கிழிஞ்சா, வயித்துக்குள்ள கசியற ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும். வலி இடது தோள்ல தெரியும். இளவயசு உடம்பு பி.பி.யை ரொம்ப நேரம் இழுத்துப் பிடிக்கும், முதல்ல ஏறுறது பல்ஸ்தான். மூணாம் வருஷப் பையனுக்குத் தெரிஞ்ச விஷயம். எனக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு ரத்தம் வழிஞ்சது என் மாமாவுக்கு.

ஆபரேஷன் ஆச்சு, மண்ணீரலை எடுத்தாங்க, பிழைச்சான். நாலாம் நாள் மெதுவா சொன்னான். அவனுக்கு வலையும் இல்ல, படகும் இல்ல, கூலிக்குப் போனவன். படகு தள்ளுற கோலால விலாவில அடிச்சது என் மாமா. “நீங்க அவரை மாமான்னு கூப்பிட்டீங்க சார். அதான் விழுந்துட்டேன்னு சொன்னேன்.”

அதை அப்படியே கேஸ் ஷீட்டில எழுதி போலீஸுக்குத் தகவல் அனுப்பினேன். மாமா வீட்டில ரெண்டு வருஷம் என்கிட்ட பேச்சில்ல. அம்மாவுக்கு இன்னும் வருத்தம் உண்டு. அவங்க கேட்ட கதை வேற.

ஜிடிஏ 5க்கும் இதுமாதிரி கதை எபிசோட் வரும்னு 2013ல ராக்ஸ்டார் சொன்னாங்க. வரவே இல்ல, ஆன்லைன்ல காசு கொட்டினப்புறம் அதெல்லாம் எதுக்கு. எனக்கு மட்டும் இன்னும் ஒரு ஏக்கம் இருக்கு.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் நிமோனியா தடுப்பூசி பத்திச் சொல்லப் போனேன். மண்ணீரல் இல்லாதவங்களுக்கு அது கட்டாயம். பையன் போன்ல வைஸ் சிட்டி ஆடிட்டு இருந்தான். அந்த குட்டி ஹெலிகாப்டர் மிஷன். “இது மட்டும் தாண்டவே மாட்டேங்குது சார், உங்களுக்குத் தெரியுமா?”

கட்டில் ஓரமா உக்காந்து பத்து நிமிஷம் முயற்சி பண்ணினேன். எனக்கும் வரல.