நெருஞ்சியும் புல்லு வெட்டுற வண்டியும்

மதுரையச் சுத்தியிருக்கிற ஊர்கள்ல பஞ்சர் கடை இல்லாத முக்கு கிடையாது. ஒரு கம்ப்ரசர், வாசல்ல தொங்குற பழைய டயர், அழுக்குத் தண்ணியோட ஒரு தொட்டி. கடை அவ்வளவுதான். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்னு போகப் போக ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அது இருக்கிற வரைக்கும் கடைக்காரருக்குப் பொழப்பு ஓடும்.

இந்தப் பதிவை எழுத வச்சது அமெரிக்காவுல, ஐடஹோ மாநிலத்துல இருக்கிற என் கூட்டாளி. வீட்டைச் சுத்தி ஒரு ஏக்கர் புல்லாம். தள்ளிக்கிட்டே வெட்டி முடியலைன்னு, மேல உக்காந்து ஓட்டுற வண்டி ஒண்ணு வாங்கியிருக்கான். (நம்ம ஊரா இருந்தா அந்தப் புல்லுக்கு ரெண்டு மாடு கட்டியிருப்போம் :-)) "மாப்ள, ஒரே கோடையில நாலு பஞ்சர்டா. இது என்ன முள்ளு பாரு"ன்னு போட்டோ அனுப்புனான். பாத்தா நம்ம நெருஞ்சி!

இங்கிலீஷ்ல அதுக்குப் பேரே 'பஞ்சர் கொடி'ங்கிற அர்த்தத்துலதான் இருக்கு. அமெரிக்காவுக்கு அது வந்தேறிச் செடி. அதைத் தின்னு ஒழிக்கட்டும்னு 1961-ல இத்தாலியிலேர்ந்து கூன்வண்டுகளைக் கொண்டுபோய் விட்டுப் பாத்திருக்காங்க. கூத்து என்னன்னா, நம்ம சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து 19-ஆம் நூற்றாண்டுல இங்க வந்தது. முள்ளுக்கு முள்ளு, கணக்கு நேர்.

நெருஞ்சிக் காய் காஞ்சா அஞ்சு துண்டா உடையும். துண்டுக்கு ரெண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒண்ணு மேல பாத்துத்தான் கிடக்கும். செடி தரையோட தரையா படர்றதால புல்லு வெட்டுற பிளேடுக்குத் தப்பிச்சிரும், டயர்ல மட்டும் ஏறிக்கும். அதுக்கு வேண்டியது ஒரு ஓசி சவாரி. ஒரு மூலையில கிடந்த விதையைச் சக்கரமே தோட்டம் முழுக்கத் தூவிட்டு வந்துரும்.

நம்ம பஞ்சர் கடை அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "எத்தனை பவுண்டு காத்து?"ன்னார். 12-னு சொன்னதும், "டிராக்டர் பின் டயர் கணக்குத்தான். தரை அமுங்கக் கூடாதுல்ல?"ன்னு டக்குனு புடிச்சுட்டார். அவர் சொன்னதை அப்படியே கூட்டாளிக்குச் சொன்னேன்.

டியூபுக்கு ஒட்டுப் போட்டதோட விடக்கூடாது. டயருக்குள்ள பழைய துணியை விட்டுச் சுத்தித் தடவணும். உடைஞ்ச முள்நுனி துணியில மாட்டும். விட்டுட்டா நாளைக்கு அதே எடத்துல திரும்பப் பஞ்சர். காத்து குறைஞ்ச டயர்ல ஓட்டுனா பக்கவாட்டு மடிஞ்சு, டியூப் நகந்து, வால்வு பிஞ்சுரும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு காத்து வேணும், இல்லாட்டி புல்லும் கோணலா வெட்டும். உள்ள ஊத்துற பஞ்சர் திரவம் நெருஞ்சி குத்துன ஓட்டையை அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஆகாது, நாளாக ஆகக் காஞ்சும் போகும். "முள்ளைப் பொறுக்காம இதை மட்டும் செஞ்சா எனக்குத்தான்பா லாபம்"னு முடிச்சார்.

அமெரிக்காக்காரனுக்கு நாலு பஞ்சர்னா நாலு ஞாயித்துக்கெழமை போச்சு. நம்ம கரிசக்காட்டுல அப்படியில்லீங்க. மழை பெஞ்சு, உழவுக்குப் பதம் நிக்கிறது சில நாள்தான். டிராக்டரோ வாடகை வண்டி, நம்மளுக்குப் பின்னால நாலு பேர் வரிசையில. அந்த நேரத்துல முள்ளேறுனா ஈர மண்ணுல ஜாக்கி நிக்காது. சக்கரத்தைக் கழட்டி, கடைக்குக் கொண்டுபோய், திரும்ப மாட்டுறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். காத்திருந்த நாலாவது ஆளோட காடு காஞ்சிரும். அவருக்கு அந்த வெதப்பு போனா போனதுதான்.

இதுல பாதி நாமளே போட்டு வச்ச முள்ளு. 2017-ல ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவுல ஊர் ஊரா கருவேலத்தை வெட்டுனாங்க. (அதே வருஷம் சென்னையில தடையும் வந்துச்சு.) எங்க கண்மாய்ப் பக்கம் தடிச்ச கட்டையெல்லாம் கரிமூட்டத்துக்கு லாரி ஏறிருச்சு. முள்ளு விளாரு மட்டும் வண்டித்தடத்துலயே கிடந்துச்சு. பச்சையில வளையிற முள்ளு, காஞ்சா ஆணி. வேரை விட்டுட்டுப் போன எடத்துல மரமும் திரும்பத் தளுத்துருச்சு.

அதனால மக்களே, வெட்டுனா விளாரை அன்னிக்கே கூட்டி ஒதுக்கிருங்க. கட்டை ஏத்துறவர்கிட்ட வெல பேசும்போதே, விளாரையும் அள்ளணும்னு சேத்துப் பேசுங்க. மழைக்கப்புறம் தரையில சின்ன மஞ்சப்பூ கண்ணுல பட்டா நெருஞ்சியான்னு பாருங்க. காய் புடிக்கிறதுக்கு முன்னாடி, ஈரம் இருக்கும்போதே ஆணிவேரோட புடுங்கிரணும். காய் உதிந்திருந்தா பழைய சாக்கைத் தரையில போட்டு இழுங்க, அத்தனையும் சாக்குல ஒட்டிக்கிட்டு வரும். விதை மண்ணுக்குள்ள சில வருஷம் உசிரோட கிடக்கும், அதனால அடுத்த மழைக்கும் இதே வேலைதான்.

உங்க ஊர்ப்பக்கம் டயரைப் பதம் பாக்குற முள்ளு எது? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.