ஒரே மலை, இரண்டு தங்கப் பூக்கள்! - ஜப்பானின் நோரிகுராவில் ஒரு பூத்தேடல்

ரோஜாப் பூங்கொத்து வாங்கியவர்கள் அந்த மஞ்சள் பூவைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ரோஜாக்களுக்கு நடுவே இடைவெளியை நிரப்ப, பொடிப்பொடியாகத் தூவிவிட்டதுபோல இருக்கும். பூக்கடைகளில் 'கோல்டன் ராட்' என்பார்கள். கல்யாண மேடையிலும் அதற்குத் துணை வேடம்தான்.

ஆனால் ஜப்பானின் நடுவில் இருக்கும் நோரிகுரா மலையில், இதே குடும்பத்தின் காட்டுச்செடி ஒன்று தனி மரியாதையோடு வாழ்கிறது. அதைப் பார்ப்பது சுலபம். அது அந்தச் செடியின் எந்த வகை என்று சரியாகச் சொல்வதுதான் கஷ்டம்!

பேருந்திலேயே ஏறலாம்

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து மட்சுமோட்டோ நகருக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து சின்ன ரயிலும் பேருந்துமாக மாறி, நோரிகுரா மேட்டுநிலத்துக்கு வந்துவிடலாம். இங்கேயே உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். உச்சிக்குப் போகும் மலைச்சாலையில் சொந்த கார்களுக்கு அனுமதி இல்லை. 2003 முதல் பேருந்து, டாக்சி, சைக்கிள் மட்டும்தான்.

வளைந்து வளைந்து ஏறும் பேருந்து, ஒரு மணி நேரத்துக்குள் 2,702 மீட்டர் உயரத்தில் இருக்கும் ததாமிதைராவில் இறக்கிவிடுகிறது. ஜப்பானின் மிக உயரமான பேருந்து நிலையம் இது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் 3,026 மீட்டர் உயரமுள்ள கென்கமினே சிகரம். கைப்பிடித்து வரும் குழந்தைகளையும், ஊன்றுகோல் பிடித்த தாத்தா பாட்டிகளையும் இந்தப் பாதையில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரமே ஒரு பாடம். முதலில் வெள்ளைப் பட்டை பூர்ச்ச மரங்கள், பிறகு ஊசியிலைக் காடு. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் மரங்கள் நின்றுவிடுகின்றன. தரையோடு தவழும் 'ஹைமட்சு' என்ற குட்டைப் பைன் புதர்களும் பாறைகளும் மட்டுமே மிச்சம்.

கீழே அக்கா, மேலே தங்கை

மேட்டுநிலத்தின் புல்வெளி ஓரங்களில் ஆகஸ்ட் முடிவில் மஞ்சள் பூவோடு நிற்கும் செடிக்கு 'அகி நோ கிரின்சோ' என்று பெயர். 'அகி' என்றால் இலையுதிர்காலம். முழங்கால் உயரத்தையும் தாண்டி வளரும். தண்டு நெடுகப் பூக்கள் இடைவெளி விட்டு ஏறிக்கொண்டே போகும்.

மேலே, ததாமிதைராவின் பூவெளியில் பாறை இடுக்கில் இருக்கும் செடி ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். பூக்கள் எல்லாம் உச்சியில் கொத்தாகக் கூடியிருக்கும். இதற்கு 'மியாமா' என்ற அடைமொழி உண்டு. ஆழ்ந்த மலைக்குரியது என்று அர்த்தம்.

தாவரவியலாளர்களின் பழைய கணக்குப்படி இரண்டும் ஒரே இனம்தான். பெயர் சாலிடாகோ விர்காரியா. 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர். ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை பரவிய இந்த இனத்துக்குள், கீழே இருப்பது ஏசியாட்டிகா என்ற துணையினம். மேலே இருப்பது லியோகார்ப்பா என்ற துணையினம். ஒரே வீட்டு அக்கா தங்கை மாதிரி.

படம் எடுப்பவர்கள் செய்யும் தவறு

பூவைப் பார்த்ததும் எல்லோரும் போனை நீட்டி மேலிருந்து படம் எடுப்பார்கள். அழகு அங்கே இருக்கலாம். அடையாளம் அங்கே இல்லை. சூரியகாந்திக் குடும்பம் என்பதால் ஒரு பூவாகத் தெரிவது உண்மையில் பல குட்டிப் பூக்கள் சேர்ந்த ஒரு தலை. அந்தத் தலையைக் கீழே பச்சைச் செதில்கள் கிண்ணம்போல் தாங்கிப் பிடித்திருக்கும். பக்கவாட்டில் போனை வைத்து, அந்தக் கிண்ணத்தைப் படம் எடுக்க வேண்டும்.

கிண்ணம் ஒடுக்கமாக, செதில்கள் நான்கு வரிசையாக, நுனி மழுங்கி இருந்தால் கீழ்நிலத்து ஏசியாட்டிகா. கிண்ணம் அகன்று, செதில்கள் மூன்று வரிசையாக, நுனி கூராக இருந்தால் மலையுச்சி லியோகார்ப்பா. உயரத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். வறண்ட மண்ணில் வளர்ந்த ஏசியாட்டிகாவும் குட்டையாகத்தான் நிற்கும்.

இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் குழப்பும். வரும் வழியில் ரயில் பாதை ஓரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கோபுரம்போலப் பூப்பது வட அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரச் செடி. அதன் பூத்தலைகள் மிகச் சின்னவை. நம் ஊர்ப் பூங்கொத்துகளில் இருப்பது பெரும்பாலும் இந்த அமெரிக்கக் கிளையைச் சேர்ந்ததுதான்.

குளிரால் குட்டையா, பிறவியிலேயே குட்டையா?

மலைப்பாதையில் குழந்தைகள்கூடக் கேட்கும் கேள்வி இது. மேலே காற்றும் பனியும் அதிகம்; அதனால்தானே செடி வளரவில்லை? கீழே கொண்டுவந்து நட்டால் அக்கா மாதிரி வளர்ந்துவிடாதா?

இதற்கு வழி காட்டியவர் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் யோதே தூரெசோன். ஒரே இனத்தின் செடிகளைக் கடற்கரை, சமவெளி, மலை என்று பல இடங்களிலிருந்து கொண்டுவந்து, ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தார். அவர் சோதித்த செடிகளில் இந்தத் தங்கப் பூச்செடியும் ஒன்று. ஒரே மண், ஒரே வெயில், ஒரே மழை. ஆனாலும் மலையிலிருந்து வந்தவை குட்டையாகவே இருந்தன, சீக்கிரமே பூத்தன. சூழலுக்கேற்ற குணம் பரம்பரையில் பதிந்துவிட்டது என்று இதிலிருந்து தெரிந்தது. இப்படிப்பட்ட வகைகளுக்கு 1922-ல் அவர் 'ஈக்கோடைப்' என்று பெயர் வைத்தார்.

நோரிகுராவின் உச்சியில் இந்தச் சீக்கிரப் பூப்புக்கு உயிரின் விலை உண்டு. அங்கே கோடை மிகக் குறுகியது. அக்டோபரிலேயே பனி விழத் தொடங்கிவிடும். அதற்குள் பூத்து, விதை முற்றிப் பறந்துவிட வேண்டும். கீழ்நிலத்துச் செடியை அங்கே நட்டால், அது நிதானமாகப் பூக்கத் தொடங்கும்போது பனி வந்து மூடிவிடும்.

மண் சரிந்த மலைச்சரிவில் மறுபடி செடி வளர்க்க நினைப்பவர்கள் 'மஞ்சள் பூதானே, எந்த விதையானால் என்ன' என்று இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான். மூன்று வரிசையா, நான்கு வரிசையா என்று எண்ணிப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆகஸ்ட் கடைசி வாரம் நல்ல நேரம். கீழே வெயில் அடித்தாலும் மேலே குளிரும். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் அவசியம். இது 1934-ல் அமைக்கப்பட்ட சூபு சங்காக்கு தேசியப் பூங்காவின் பகுதி. பூப் பறிக்கக் கூடாது. பாதையை விட்டு இறங்கவும் கூடாது. ஏறும் முன் காலணியின் அடியை நன்றாகத் தட்டிவிடுங்கள். கீழ்நிலத்து விதைகள் அதில் ஒட்டிக்கொண்டு இலவசமாக மலையேறிவிடும்.

பூமி சூடாகச் சூடாக, கீழே இருக்கும் செடிகள் மெல்ல மேலே ஏற முடியும். அக்காவுக்கு ஏறுவதற்கு இன்னும் மலை மிச்சம் இருக்கிறது. உச்சியில் இருக்கும் தங்கைக்கோ, 3,026 மீட்டருக்கு மேல் வானம்தான்.